துப்பக் கூடாது

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், மாடியில் கிளினிக்.
டாக்டர் பெனட்டாவுக்கு என் மூத்தவள் வயதுதான் இருக்கும்.
கீழ்த்தாடை, இடது, கடைசிக்கு முந்தினது.
தட்டில் அதைப் போட்டபோது
ஐந்து ரூபாய்க் காசு விழுந்த சத்தம்.

பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார்.
"முக்கால் மணி நேரம். பேசாதீங்க.
எச்சியத் துப்பாதீங்க, முழுங்குங்க.
எதையும் உறிஞ்சிக் குடிக்காதீங்க.
பீடி, சிகரெட் தொடவே கூடாது.
குழிக்குள்ள ரத்தம் கட்டும், அதுதான் மருந்து.
அதைக் கிளப்பி விட்டுறாதீங்க.
ஆமா, என்ன வேலை பாக்கீங்க?"

சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்துக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
"ஒரு வாரம் லீவு போடுங்க."

தனியார் வண்டியில் லீவு என்றால்
என் பையை இன்னொருத்தன் தோளில் பார்ப்பது.

மறுநாள் ஐந்து இருபது வண்டி,
சந்திப்பிலிருந்து பாபநாசம்.
வீங்கிய கன்னத்தைப் பார்த்து
"என்னவே, கொழுக்கட்டைய அடக்கி வச்சிருக்கீரா?"
என்றான் சொரிமுத்து, ஸ்டீயரிங்கில் இருந்தபடி.
ஒரு ரூபாய்க் காசால் கம்பியில் தட்டினேன்:
ஒரு தட்டு நில், ரெண்டு தட்டு போ.
பாட்டுச் சத்தத்தில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.
பத்தமடையில் இறங்க வேண்டிய ஆறு பேர்
சேரன்மகாதேவியில் இறங்கினார்கள்.

வாழை இலைக்கட்டோடு வந்தவர்
"வாயில என்ன மண்ணா?" என்றார்.
பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
இருபத்திரண்டு வருஷமாக
வந்த கையோடு துப்பிவிடுகிற பதில்.
விழுங்கினேன்.
இரும்பு ருசி.

ராத்திரி பேச்சித்தாய் சொதி வைத்திருந்தாள்.
ஆறின சொதியும் ஒரு சொதியா?
ஆனாலும் ஆற வேண்டும்.
கரண்டி கரண்டியாக அவள்தான் ஊதினாள்,
கல்யாணமான புதிதில்கூட
எனக்கு இப்படி ஊதிக் கொடுத்ததில்லை.
"சிரிக்காதீரும், தையல் பிரிஞ்சிரும்" என்றாள்.
தையலே போடவில்லை.

உப்புத்தண்ணீர் விஷயம் தனி.
கொப்புளிக்கக் கூடாது.
வாயில் வைத்துத் தலையைப் பைய
இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம்,
பிறகு வாயை மட்டும் திறக்க வேண்டும்.
அதுவாக விழும்.
பாபநாசத்தில் வண்டிக்குப் பின்னால் நின்று
நான் இதைச் செய்துகொண்டிருக்க,
ஒரு நாய் கடைசிவரை இருந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

மூன்றாம் நாள், வீரவநல்லூர்.
யூனிபார்ம் போட்ட பிள்ளை ஒன்று
படியில் ஒரு கால், தரையில் ஒரு கால்.
சொரிமுத்து கிளட்சை விட்டுவிட்டான்.
காசு கையில்தான் இருந்தது.
ஆனால் கை கம்பிக்குப் போகவில்லை,
சட்டைப்பைக்குப் போயிற்று.

ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.
வண்டி குலுங்கி நின்றது.
அந்தப் பிள்ளை ஒன்றும் அறியாமல் ஏறி
"ஒரு அம்பாசமுத்திரம்" என்று சில்லறையை நீட்டியது.
டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
வாய் நிறைந்திருந்தது.
துப்ப ஜன்னல் இருந்தது, ஆள் இருந்தது.
விழுங்கினேன்.

அன்று ராத்திரி தாடையிலிருந்து காதுவரை
யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.
மாத்திரை அதற்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

"சொன்னேம்லா," என்றார் டாக்டர்,
குழியைக் கழுவி, கிராம்பு வாசனையில்
ஏதோ ஒன்றைத் திணித்தபடி.
"ஊதுனீங்களா?"
வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு
வீரவநல்லூரை எப்படிச் சொல்வது?
கண்ணை மட்டும் மூடித் திறந்தேன்.
ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது வலி இல்லை. குழி இருக்கிறது.
கணக்கு முடிக்கையில் ஒரு ரூபாய் குறைந்தால்
விரல் பையின் மூலையைத் திரும்பத் திரும்பத் துழாவுமே,
அப்படி நாக்கு அங்கேயே போகிறது.
இல்லை என்று தெரிந்தபின்னும் போகிறது.

பன்னிரண்டாம் நாள் காலை, சந்திப்பில்,
பைய ஊதிப் பார்த்தேன்.
காற்றில் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கிப் போனது.
சத்தம் வேறாக இருந்தது.

சொரிமுத்து வண்டியை எடுக்கவில்லை.
திரும்பிப் பார்த்து,
"யாருவே அது?" என்றான்.